மூளைக்குக் கரண்ட் கொடுத்த காலம்

போன மாதம் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் பேரன் றிஸ்வான் எங்கள் வீட்டுக்கு வந்து, கைபேசியில் எனக்கு இரண்டு படம் காட்டினான். முதல் படத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர். கழுத்துக்குக் கீழே அவருக்கு உடம்பு அசையாது. மண்டையைத் திறந்து மூளைக்குள் ஒரு சின்னச் சில்லு வைத்திருக்கிறார்கள். அவர் மனதில் நினைக்கிறார், எதிரே கணினித் திரையில் எழுத்து விழுகிறது. அடுத்த படத்தில் கை நடுங்கும் ஒரு பெண். அவளுடைய மூளைக்குள் கம்பி, நெஞ்சுத் தோலுக்குக் கீழே ஒரு பெட்டி. பெட்டி கரண்ட் அனுப்பினால் நடுக்கம் நிற்கிறது, நிறுத்தினால் திரும்பி வருகிறது.

“மூத்தாப்பா, நீங்க அந்தக் காலத்திலயே மூளைக்குக் கரண்ட் குடுத்த ஆள்தானே. இதுக்கெல்லாம் முன்னோடி நீங்கதான். கொஞ்சம் எழுதித் தாங்க, நம்மட ஆஸ்பத்திரி மலருல போடுவம்” என்றான்.

முன்னோடியாம். தொண்ணூறைத் தாண்டியவனிடம் யார் எதைச் சொன்னாலும் அவன் நம்பிவிடுவான் என்று இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு எண்ணம். ஹஜ்ஜுப் பெருநாளில் மாட்டை அறுக்கிறவர் ஒருவர், காலைப் பிடிக்கிறவர்கள் நாலு பேர். நான் காலைப் பிடித்த கோஷ்டி. ஆனாலும் முன்னோடி என்ற சொல் இரண்டு நாளாகக் காதில் இனித்துக்கொண்டே இருந்தது. எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் வாப்பா சாய்ந்தமருதுக் கரையில் கரைவலைத் தோணியில் போனவர். நானும் போயிருக்க வேண்டியவன். ஆனால் தோணி முதல் அலையைத் தாண்டும்போதே எனக்கு வாந்தி வந்துவிடும். மீன்காரன் மகனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்பதை ஊர் ஒரு பருவம் முழுக்கச் சொல்லிச் சிரித்தது. அதனால் மாவடிப்பள்ளியில் ஒரு நெல் ஆலையில் இஞ்சினுக்கு எண்ணெய் விடப் போனேன். அங்கிருந்து கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்குச் சிற்றூழியனாக எடுத்தார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப் போவதில்லை, சொன்னால் சண்டைக்கு வர இன்னும் ஆள் இருக்கிறது. மட்டக்களப்புக்குப் பயிற்சிக்கும் அனுப்பினார்கள். கட்டில் விரிக்கவும், நோயாளியைப் புரட்டவும், பெரியவர்கள் ஏசும்போது தலையைக் குனியவும் அங்கே படித்தேன். மூன்றாவதில்தான் நல்ல தேர்ச்சி.

ஐம்பதுகளின் நடுப்பகுதியில் எங்களுக்கு டாக்டர் அம்பலவாணர் மாற்றலாகி வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், சீமையில் படித்தவர், என் தோள் உயரம்தான் இருப்பார். அவரோடு ஒரு மரப்பெட்டியும் வந்தது. பளபளவென்று மெருகு போட்டு, முகப்பில் இரண்டு திருகு, ஒரு பொத்தான். பார்த்தவர்கள் எல்லோரும் ரேடியோ என்றே நினைத்தார்கள். ஒரு நோயாளியின் தகப்பன் வெகு மரியாதையாக, “இதில சிலோன் ரேடியோ எடுக்குமா தொரை?” என்று கேட்டார். மனம் பேதலித்தவர்களுக்கும், துக்கத்தில் உறைந்துபோய் உண்ணாமல் கிடப்பவர்களுக்கும் நெற்றிப் பொட்டு வழியாக மூளைக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி அது.

ஊருக்கு அப்போது மின்சாரம் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் எண்ணெய் இஞ்சின் மட்டும் இருந்தது. நெல் ஆலையில் இருந்தவன் என்ற ஒரே தகுதியில் டாக்டர் என்னைத் தெரிந்தெடுத்தார். இஞ்சினை முடுக்கிவிட்டு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஓடிவந்து நோயாளியின் தோளைப் பிடிக்க வேண்டும். இடுப்பையும் முழங்காலையும் பிடிக்கப் பாண்டிருப்புக் கந்தையா என்ற சிற்றூழியன் இருந்தான்.

டாக்டர் செய்யும் முறையை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நோயாளி விடிந்ததில் இருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வரவேண்டும். மோதிரம், அரைஞாண், கையில் தாயத்தாகக் கட்டிய இசிம் கூடு எல்லாவற்றையும் டாக்டர் தன் கையாலேயே அவிழ்த்து, ஒரு வெள்ளைப் பீங்கானில் வைத்து, வெளியே நிற்கும் சொந்தக்காரரிடம் இரண்டு கையாலும் கொடுப்பார். கந்தையாவோ நானோ அதைத் தொடக் கூடாது. பிறகு முதுகுக்குக் கீழே தலையணை. இரண்டு நெற்றிப் பொட்டையும் துடைத்து, உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சை வைத்து, அதன்மேல் தகடு. பல்லுக்கிடையில் ரப்பர் துண்டு. அதற்குப் பின் டாக்டர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போடுவார், தலையைச் சரித்து இஞ்சின் சத்தத்தைக் கேட்பார். அது சீராக ஓடும்வரை பொத்தானில் விரல் வைக்க மாட்டார். கடைசியாக நோயாளியின் காதருகே குனிந்து, “மன்னிக்க வேணும்” என்பார். விசர் பிடித்து அவரைத் தூஷணத்தால் ஏசிக்கொண்டிருப்பவனிடமும் அதைச் சொல்லாமல் பொத்தானை அமர்த்தியதில்லை.

உடம்பு முதலில் விறைக்கும். பிறகு வலிப்பு வந்து உதறும். அப்புறம் குறட்டை. உடனே ஒரு பக்கமாகப் புரட்ட வேண்டும்.

“இறுக்காதையும் காணும்” என்று முதல் நாளே எனக்குச் சொல்லித் தந்தார். “இறுக்கிப் பிடிச்சால் எலும்பு முறியும். அவர் ஆடவேணும், ஆனால் விழக்கூடாது. விளங்குதோ?”

விளங்கியது. விளங்காதது ஒன்றுதான். நோயாளியின் மண்டைக்குள் போகும் கரண்ட் தோள் வழியாக என் கைக்கு வராதா? கேட்க வெட்கமாக இருந்தது. அதனால் சுகாதாரத் தொழிலாளி ஒருவரிடம் முழங்கால் வரைக்குமான ரப்பர் சப்பாத்தை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு, ஒரு பலகைமேல் ஏறி நின்றேன். டாக்டர் என் காலை ஒருமுறை பார்த்துவிட்டு நோயாளியிடம் குனிந்தார். பொத்தானை அமர்த்தினார். நோயாளியின் உடம்பு விறைத்தது எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்தது கந்தையா சொல்லித்தான் தெரியும். நான் சப்பாத்தோடு விழுந்து கிடந்தேனாம். நோயாளி கண் விழித்து, தன் பெயர்கூட ஞாபகம் வராத நிலையில், முதலில் கேட்டது, “இந்தாளுக்கு என்ன வருத்தம்?” என்பதுதானாம்.

இந்தக் கதை என்னைவிட முந்தி ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. என் இஸ்மாலெவ்வை என்ற பெயர் அன்றோடு போய் ‘கரண்ட் காக்கா’ ஆனேன். காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன். எனக்குப் பெண் பார்த்த இடத்தில், மாப்பிள்ளை கையில் கரண்ட் தங்கி நிற்குமா என்று மாமியார் ஆள் விட்டுக் கேட்டார். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். அதனால் என் கைகளைப் பற்றி அவர் கவலைப்பட்டது நியாயம். முதல் மாதம் முழுக்க, வேலையால் வந்ததும் முற்றத்தில் வைத்தே தேசிக்காய்ப் புளி பூசிக் கையைக் கழுவச் சொல்லி, பிறகுதான் சோற்றுக் கோப்பையைத் தொட விட்டார்.

இப்போது யூசுப் ஹாபிஸுடைய கதைக்கு வருகிறேன். குர்ஆன் வேதம் முழுவதையும் ஒரு எழுத்துப் பிசகாமல் நெஞ்சில் வைத்திருப்பவரைத்தான் ஹாபிஸ் என்போம். அப்போது அப்படி ஒருவர் கிடைப்பது பெரிய விசயம். சாய்ந்தமருதில் பிறந்து, மருதமுனையில் தறிக்காரர் ஒருவரின் மகள் சபியாவைக் கல்யாணம் முடித்து, அங்கே இருந்தார். நோன்பு மாதத்தில் இரவுத் தொழுகையில் அவர் ஓதுவதைக் கேட்க அக்கரைப்பற்றிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள்.

அவருக்கு ஒரே பிள்ளை, ஹலீமா. மூன்று வயது இருக்கும். காய்ச்சலில் உயிர் பிரிந்து மௌத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு அவர் மெல்ல மெல்லப் பேச்சை விட்டார், பின்பு சாப்பாட்டை விட்டார், பின்பு ஓதுவதையும் விட்டார். மந்திரித்துப் பார்த்தார்கள், தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். மாட்டு வண்டியில் எங்களிடம் கொண்டுவந்தபோது கண் மட்டும் திறந்திருந்தது. மூக்கால் குழாய் விட்டுக் கஞ்சி ஊற்றினோம். இப்படியே போனால் ஆள் தப்பாது, கரண்ட் ஒன்றுதான் வழி என்று டாக்டர் சொன்னார்.

மறுநாள் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்து விறாந்தையில் நின்றார்.

“தொரை, கரண்ட் குடுத்தா மூளையில இரிக்கிறதெல்லாம் அழிஞ்சி போகும் எண்டு கதைக்காங்க. அவர்ர நெஞ்சில இரிக்கிறது சும்மா சாமான் இல்ல. அது அழிஞ்சா ஆரு பதில் சொல்ற?”

வேறு டாக்டராக இருந்தால் அதட்டியிருப்பார். இவர் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். “கிட்டடியில நடந்ததுகள்தான் கூடுதலாய் மறக்கும். சின்ன வயசில இருந்து ஆழமாய்ப் பதிஞ்சது போகாது எண்டுதான் படிச்சனான். ஆனால் எனக்கு நிச்சயமாய்த் தெரியாது” என்றார்.

ஒரு பெரிய டாக்டர் ‘தெரியாது’ என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஆழமாகப் பதிந்தது போகாது என்பதை எல்லோரும் இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். சமீபத்தில் நடந்தது மறக்கும் என்று அதற்கு முன்னால் அவர் சொன்ன வசனத்தை யாரும் காதில் வாங்கவில்லை.

ஆனாலும் சம்மதம் சொல்ல ஆண்களுக்குத் துணிவு வரவில்லை. மரைக்கார் ஹாபிஸுடைய மாமனாரைப் பார்த்தார், மாமனார் கூரையைப் பார்த்தார். முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு சபியாதான் முன்னுக்கு வந்தாள்.

“ஓதல் அல்லாட. அத அவன் பாத்துக்குவான். எனக்கு எண்ட மனிசன் வேணும். நீங்க குடுங்க.”

கொடுத்தோம். அவருடைய தோளில் தயங்கித்தான் கை வைத்தேன். இந்த முறை கரண்டுக்குப் பயந்து அல்ல. இந்தத் தோளுக்குமேல் உள்ள தலையில் எங்கள் கரை முழுவதும் பத்திரப்படுத்தி வைத்த ஒன்று இருக்கிறது, அதை ஒரு இஞ்சின் போட்டு நான் அழிக்கப் போகிறேனோ என்ற பயம். டாக்டர் குனிந்து, “மன்னிக்க வேணும்” என்றார். எனக்கும் சேர்த்துச் சொன்னார் என்று வைத்துக்கொண்டேன்.

சில தடவை கொடுத்த பின் ஹாபிஸ் குழாய் இல்லாமல் விழுங்கத் தொடங்கினார். ஆனால் பேசவில்லை. பெயர் என்ன, இது எந்த ஊர், காலையில் என்ன சாப்பிட்டீர் என்று டாக்டர் ஒவ்வொரு நாளும் கேட்பார். பதில் இருக்காது. விறாந்தையில் பள்ளிவாசல்காரர்கள் முகம் கறுத்துப்போய் நிற்பார்கள். ஓதல் இருக்கிறதா போய்விட்டதா என்று சோதித்துப் பார்க்க அவர்களுக்கு ஆசை, ஆனால் ஒருவரும் கிட்டப் போக மாட்டார்கள். போய்விட்டது என்று தெரியவந்தால் அதை ஊருக்குச் சொல்லும் வாய் தன்னுடையதாக இருக்கக் கூடாது என்று ஒவ்வொருவருக்கும் எண்ணம். கடைசியில் மரைக்கார் என் தோளில் கை போட்டார்.

“தம்பி, நீதானே அவருக்குக் கஞ்சி பருக்கிற. சும்மா கதையோட கதையா ஒரு சூறாவ ஓதிப் பாரன். அவர்ர முகம் மாறுதா எண்டு பாப்பம்.”

ஊர் முழுக்க ஓதத் தெரிந்தவர்கள் இருக்க, இந்தப் பொறுப்பு என் தலையில். எனக்குத் தெரிந்தது வேதத்தின் கடைசிப் பக்கங்களில் உள்ள சின்னச் சின்ன அத்தியாயங்களான சூறாக்கள், அதிலும் பாதி. சிறு வயதில் ஓதுகிற பள்ளியில் ஓதித் தந்த லெப்பையின் பிரம்புக்கு என்னைத்தான் நன்றாகப் பழக்கம். எனக்குத் தெரிந்தவற்றில் ஒரே மாதிரியான வரி திரும்பத் திரும்ப வரும் ஒரு சூறா இருக்கிறது. சின்னதாயிற்றே என்று நம்பி அதைத் தொடங்கினேன். போனேன், திரும்பினேன், மறுபடியும் தொடங்கின இடத்துக்கே வந்தேன். வெளியே போகும் வாசல் தெரியாமல் அதற்குள்ளேயே சுற்றுகிறேன். கையில் கஞ்சிக் கோப்பை, நெற்றியில் வேர்வை. விறாந்தையில் மரைக்கார் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாவது சுற்றில் ஹாபிஸுடைய கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. தொண்டை கரகரக்க, நான் விட்ட வரியை எடுத்துக் கொடுத்தார். தொழுகையில் முன்னால் நிற்பவர் பிழைவிட்டால் பின்னால் நிற்கும் ஹாபிஸ் எடுத்துக்கொடுக்க வேண்டும் என்பது முறை. வருசக் கணக்கான அந்தப் பழக்கம் என் பிழையைப் பொறுக்கவில்லை. சூறாவை முடித்துவிட்டு, தண்ணீர் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, “எந்தப் பள்ளியில ஓதின நீ?” என்றார்.

விறாந்தையில் ‘அல்லாஹு அக்பர்’ என்று தக்பீர் முழங்கியது. மரைக்கார் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். என் வாழ்நாளில் என்னுடைய அறிவீனத்துக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. சத்தம் கேட்டு ஓடிவந்த டாக்டரிடம் கந்தையா, “ஐயா, நம்மட இஸ்மாலெவ்வை பிழையா ஓதிச் சுகமாக்கிட்டான்” என்றான். டாக்டர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அந்தச் சந்தோசம் அன்று பின்னேரம் வரைக்கும்தான் இருந்தது. சபியா சோறு கொண்டு வந்தாள். ஹாபிஸ் அவளை அடையாளம் கண்டு சிரித்தார். அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

“புள்ள எங்க? ஹலீமாவக் கூட்டி வரல்லயா?”

சபியா கையில் இருந்த சோற்றைக் கட்டிலில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் கந்தையாவைப் பார்த்தேன். ஓதல் முழுவதும் இருந்தது. சின்ன வயதில் அடி வாங்கிப் படித்தது, கல்யாணம், மாமனார் வீட்டுத் தறிகளின் கணக்கு எல்லாம் இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது, மௌத்தானது, அடக்கியது ஒன்றும் இல்லை. கிட்டடியில் நடந்ததுகள் மறக்கும் என்று டாக்டர் சொன்னது இதைத்தான்.

“ஹலீமா அக்கரைப்பற்றில, எண்ட தங்கச்சி ஊட்ட” என்றாள் சபியா. அந்த நேரத்தில் அவளுக்கு வாயில் வந்தது அதுதான். அவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டார், நன்றாகவே சாப்பிட்டார்.

அதையே வைத்துக்கொள்வோம் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். மாமனாருக்கும் அது நல்லதாகப் பட்டது, மரைக்காருக்கும் பட்டது. உடம்பு தேறும்வரை சொல்ல வேண்டாம், இன்னும் இரண்டு மூன்று தடவை கரண்ட் கொடுத்து உறுதிப்படுத்துவோம் என்று டாக்டரும் சொன்னார். ஒவ்வொரு நாளும் ஹாபிஸ் கேட்பார், ஒவ்வொரு நாளும் ஹலீமா அக்கரைப்பற்றில் இருப்பாள். என்னிடமும் கேட்டார். “நல்லா விளையாடுறாவாம்” என்று நானும் சொன்னேன். அக்கரைப்பற்றில் பிள்ளைக்கு என்ன வாங்கிக் கொடுத்தார்களாம் என்று ஒரு நாள் கேட்டார். பலூன் என்றேன். சொல்லிவிட்டு வெளியே போய் இஞ்சினுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

அடுத்த தடவைக்காக நான் உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டிருந்த காலையில் சபியா நேராக அந்த அறைக்குள் வந்தாள். பொம்பிளைகள் வரும் இடம் அல்ல அது. டாக்டர் பெட்டியின் திருகைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“தொரை, இனிக் கரண்ட் வேணாம்.”

“பிள்ளை, பாதியில விடுறது நல்லதில்லை. அவர் மறந்தபடியால்தான் சாப்பிடுறார்.”

“அவர் மறந்திட்டாரு. வாப்பா கதைக்கப்படாது எண்டு சொல்றாரு. ஊரும் கதைக்கிதில்ல. எண்ட புள்ளய இனி ஆரு நினைக்கிற? நான் ஒருத்தி மட்டுமா? ஊட்ட போய் அழ ஏலா, அவருக்கிட்ட வந்து அழ ஏலா. பெத்தது ரெண்டு பேரும் சேந்துதானே.” குரல் உடைந்து, பிறகு நிமிர்ந்தது. “இண்டைக்கி நான் சொல்லப் போறன்.”

“சொன்னால் அவர் திரும்பவும் விழுந்து போகலாம்.”

“விழுவாரா?”

டாக்டர் திருகைத் துடைத்த துணியைக் கீழே வைத்தார். “எனக்குத் தெரியாது” என்றார்.

“விழுந்தா பக்கத்தில நான் இரிப்பன்.”

டாக்டர் தகடுகளின் கம்பியைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடினார். எனக்குக் கண்ணால் சைகை காட்டினார், கூடப் போ என்று. போனேன். ஹாபிஸ் விழுந்தால் பிடிப்பதற்காகக் கட்டிலின் தலைமாட்டில் போய் நின்று கையை நீட்டிக்கொண்டேன். “காக்கா, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்றாள் சபியா. கதவு வரை தள்ளி நின்றேன்.

அவள் கட்டிலில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கள் ஊரில் பெண்கள் ஆட்கள் பார்க்க அப்படி உட்கார்வதில்லை. அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“மச்சான், ஹலீமா அக்கரைப்பற்றில இல்ல. காய்ச்சல் வந்து மௌத்தாகிட்டா. நம்மட பள்ளி மையவாடியிலதான் அடக்கியிரிக்கி. நீங்க நோயில மறந்திட்டீங்க.”

ஹாபிஸ் அசையவில்லை. பழையபடி கண் மட்டும் திறந்து கிடக்கப் போகிறார் என்று நினைத்தேன். வாசலில் டாக்டர் வந்து நின்றிருந்தார். அவருக்கும் அதே நினைப்பு என்பது முகத்தில் தெரிந்தது.

வெகு நேரம் கழித்து, அடக்குவதற்கு முன் தொழும் தொழுகையைப் பற்றித்தான் ஹாபிஸ் கேட்டார்.

“ஜனாஸாத் தொழுகை ஆரு தொழுவிச்ச?”

“நீங்கதான்.”

“நானா?”

“ஓம். வேற ஒருத்தரும் வேணாம், எண்ட புள்ளக்கி நான்தான் தொழுவிப்பன் எண்டு நீங்கதான் முன்னுக்கு நிண்ட.”

அவர் தன் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, ஓதுகிற பள்ளியில் லெப்பைக்கு முன்னால் நிற்கும் சின்னப் பிள்ளையின் குரலில் கேட்டார்:

“சரியாத் தொழுவிச்சனா புள்ள?”

“ஒரு பிழையும் இல்ல மச்சான்” என்றாள் சபியா. “சத்தங்கூட நடுங்கல்ல.”

அதற்குப் பிறகுதான் அவர் அழுதார். அவளும் அழுதாள். பிள்ளை போன நாளிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அன்றைக்குத்தான்.